சுண்டு ஒட்டாத பட்டாம்பூச்சி

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கையின் மூத்த மகள், எட்டாம் வகுப்பு, பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் நர்சரிப் பள்ளியும் அதில் படிக்கும் நூற்றுப் பத்துக் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், அப்பா நலம், என் தங்கை சுண்டுவுக்கு மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி அவளும் நலம். நான் நலமாக இல்லை. காரணம் நீங்கள். இந்த வரியை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தேன். ஆனாலும் அடிக்க மாட்டேன். அடித்த எழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் அவள் எழுதிய கடிதங்களை எல்லாம் அப்படித்தான் படித்தீர்களாமே.

இதைக் குளியலறையில் அழுக்குத்துணிக் கூடையின் மூடிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் சுண்டுவும் தூங்குகிறார்கள். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போயிருக்கிறார்; யாரோ ஒருவர் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். ஏன் போனில் பேசக்கூடாது என்று கேட்பீர்கள். போன் அம்மாவுடையது. அதோடு, போனில் உங்களிடம் இரண்டாவது வாக்கியம் பேசி முடித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. கடிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது அம்மா ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அதனால் எல்லாமே கேட்டது. “இவ்ளோ திறமை உள்ள குழந்தைய அங்க வச்சு வீணடிக்காத. சனிக்கிழமை நானே வர்றேன். துணிமணிய எடுத்து வை. என் வீட்டுல இருந்து படிக்கட்டும்” என்றீர்கள். அம்மா எழுந்து நின்று, “சரிக்கா” என்றாள். உங்கள் குரல் கேட்டால் அம்மா எப்போதுமே எழுந்து நிற்பாள், நீங்கள் பார்த்ததில்லை. அப்பா கையில் இருந்த ஒரு திருகாணியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ, அழைப்பு முடியும்வரை படித்துக்கொண்டே இருந்தார். சுண்டு மட்டும் மேசைக்கு அடியிலிருந்து, “பெரியம்மா எந்த மாடி?” என்று கேட்டாள்.

பெரியம்மா, சுண்டுவை அனுப்ப முடியாது. நான் அனுப்ப மாட்டேன். என்னைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். அனுப்ப முடியாததற்குக் காரணம், உங்களுக்கு ஞாயிறுதோறும் படம் எடுத்து அனுப்பினோமே, மஞ்சள் சூரியன், பட்டாம்பூச்சி, காலுறை ஆக்டோபஸ், அட்டை வீடு, அவற்றில் ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை. எல்லாம் நான் செய்தவை. பதினாலு வாரம். இப்போது இதயம் லிஃப்ட் மாதிரி இறங்குகிறது, கொஞ்சம் பொறுங்கள், அம்மா இருமுகிறாள்.

இல்லை, புரண்டு படுத்துவிட்டாள். தொடர்கிறேன்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், நீங்களும் நடுவில் கோபப்படாமல் படியுங்கள். எங்கள் தெரு முனையில் உள்ள நர்சரியில் சுண்டு ஒன்பது நாள்தான் இருந்தாள். முதல் நாளே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தவள் பிறகு வெளியே வரவில்லை, குனிந்து பார்த்த எல்லோரிடமும் “எந்த மாடி?” என்று கேட்டாள், பதில் சொன்னவர்களை மட்டும் உள்ளே விட்டாள், ஒன்பதாவது நாள் மேசைக்கு அடியில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள், மேலே டீச்சர் மட்டும் இருந்தார். “ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, இப்ப வேணாம்” என்று அந்த டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சாத குறை. அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: “வீட்டுலயே சொல்லிக் கொடு. வாரா வாரம் ஒரு தலைப்பு நான் அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் படம் வரணும். முன்னேற்றம் இல்லைன்னா குழந்தைய நான் எடுத்துட்டுப் போயிடுவேன்.” எடுத்துக்கொண்டு போக அவள் என்ன குடையா?

அதற்கடுத்த வாரம் பெட்டி வந்தது. வண்ணத் தாள், வண்ணக்குச்சிகள், நாலு நிறத்தில் பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், அசையும் பிளாஸ்டிக் கண்கள் நாற்பது, பிளாஸ்டிக் உறை போட்ட செயல்தாள்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பு எழுத்தில், ‘குழந்தைக்கு வழிகாட்டுங்கள், செய்து கொடுக்காதீர்கள்’ என்று இருந்தது. படித்தேன். பதினாலு முறை படித்தேன்.

முதல் வாரம் மஞ்சள் வாரம். அம்மா துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறாள், மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டு வருவாள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ஓர் உணவக சர்வரின் வெள்ளைக் கோட்டு கை நீளம் குறைப்பதற்காக நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வண்ணத்தில் கையை முக்கித் தாளில் பதிக்க வேண்டும் என்று உங்கள் செயல்தாள் சொன்னது. தாள் மேசைமேல் இருந்தது, கோட்டு பக்கத்தில் இருந்தது, சுண்டு இரண்டையும் பார்த்துக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள். நெஞ்சுக்கு நேராக ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. அம்மா அழவில்லை, அதே வெள்ளையில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டாள். சர்வர் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்து, “பாக்கெட்டு நான் கேக்கவே இல்லையே?” என்றார். அம்மா முகம் மாறாமல், “இப்ப எல்லாரும் இப்படித்தான் வைக்கிறாங்க” என்றாள். மறுநாள் அவர் திரும்பி வந்து, “அந்தப் பக்கமும் ஒண்ணு வச்சுடுங்க” என்றார். உங்களுக்கு வந்த மஞ்சள் சூரியன், இந்தக் கலவரம் முடிந்து ஞாயிறு நாலு மணி ஐம்பது நிமிடத்துக்கு நான் வெட்டி ஒட்டியது. பத்து நிமிடத்தில் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது வாரம் பூச்சி வாரம். இந்த முறை நேர்மையாக இருப்போம் என்றுதான் தொடங்கினேன். வண்ணத்துப்பூச்சியின் உடம்பை வெட்டி வைத்து, “இதுல ரெக்கைய ஒட்டு பாக்கலாம்” என்றேன். “எதுக்கு?” என்றாள். “பறக்க.” “ஒட்டினா எப்படிப் பறக்கும்? ஒட்டிக்குமே.” இதற்கு உங்கள் செயல்தாளில் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவள் நாற்பது கண்களையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பாதுகாப்புத் தொப்பி முழுக்க ஒட்டிவிட்டாள். அப்பா கவனிக்காமல் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். லிஃப்ட் கதவை விரித்து அவர் தலையை உள்ளே நீட்டியதும், மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வெளியே வர மறுத்துவிட்டாராம். அன்றைக்கு நான் இடது கையால் பட்டாம்பூச்சி செய்தேன். இடது கையால் செய்தால்தான் நாலு வயதுப் பிள்ளை செய்தது போல இருக்கும். நீங்கள் குரல் பதிவு அனுப்பினீர்கள்: “ஓரம் கொஞ்சம் கோணல். ஆனா நிறம் சேர்த்த விதம் அபாரம். கண்ணுக்குள்ளயே நிக்குது.”

பெரியம்மா, பொய் சொல்லக்கூடாது என்று உட்கார்ந்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் பதிவை நான் ஏழு தடவை கேட்டேன். எங்கள் பள்ளியில் கைவேலை டீச்சர் எனக்குப் பத்துக்கு ஆறுக்கு மேல் கொடுத்ததில்லை. யாருடைய கண்ணுக்குள்ளும் நான் செய்த எதுவும் நின்றதில்லை. அபாரம் என்ற சொல்லை என் வேலைக்குச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான், அதையும் சுண்டுவின் பெயரில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவளைச் செய்யச் சொல்வதையே குறைத்துக்கொண்டேன். இது தப்பு என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

தண்ணீர் வாரத்தில் எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்க்க வேண்டும். அம்மாவின் போன் மூழ்கும். அது தெரிந்துவிட்டது. மூன்று நாள் நீங்கள் கூப்பிட முடியவில்லை, வீட்டில் அம்மா உட்பட எல்லோரும் உட்கார்ந்தபடியே சாப்பிட்டோம். இலை வாரத்தில் சுண்டு பசையை ருசி பார்த்துவிட்டுப் பச்சைதான் நல்லது என்றாள். கடல் வாரத்து ஆக்டோபஸ் என் பள்ளிச் சீருடைக் காலுறைகள், எட்டுக் கால், எட்டுக் காலுறை. மிச்சமிருந்த ஒரே ஜோடியைத் தினம் துவைத்து, அந்த வாரம் முழுக்க நான் ஈரக் காலுறையோடு பள்ளிக்குப் போனேன்.

எல்லாம் கெட்டது ‘என் வீடு’ வாரத்தில்தான். சதுரத்தின்மேல் முக்கோணத்தை ஒட்டினால் போதும் என்று உங்கள் தாள் சொன்னது. நான் அப்படியே செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஆனால் சுண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இதுல லிஃப்ட் எங்க?” என்றாள். இவளுக்கு ஏன் இந்த லிஃப்ட் பைத்தியம் என்றால், அப்பா ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டை மாற்றியபோது கழற்றிய பொத்தான் பலகையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எட்டுப் பொத்தான்கள், கடைசியில் சிவப்பாக மணி படம் போட்ட ஆபத்துப் பொத்தான் ஒன்று. அதைத் துணி அலமாரிக்குள் சாய்த்து வைத்துக்கொண்டு உள்ளேயே குடியிருக்கிறாள். அவளுக்காகத்தான் செருப்புப் பெட்டிகளை அடுக்கி எட்டுத் தளத்தில் வீடு கட்டினேன், நடுவில் தீப்பெட்டி லிஃப்ட், அம்மாவின் தையல் மெஷினில் நூல் சுற்றும் காலி பாபினைக் கப்பியாக வைத்து நூல் கட்டி இழுத்தால் மேலே போகும், விட்டால் மெதுவாக இறங்கும். நாலு சாயங்காலம் ஆனது. அந்த வாரம் அறிவியல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கினேன். கேள்வி கப்பியைப் பற்றியது. கப்பி செய்துகொண்டிருந்ததால் கப்பியைப் படிக்க நேரமில்லை.

அந்த வீட்டைச் செய்யும்போது நான் இடது கையை மறந்துவிட்டேன். அதுதான் என் குற்றம். படத்தைப் பார்த்ததும் நீங்கள், “நாலு வயசுல கப்பியா!” என்று கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. உங்கள் பள்ளி ஆசிரியைகளிடம் காட்டினீர்களாம், ஒருவர் கண் கலங்கினாராம். பெரியம்மா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போவேன் என்றீர்கள், அதற்குப் பயந்து நான் செய்தேன். இப்போது அவள் நிறையக் கற்றுக்கொண்டாள், அதனால் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறீர்கள். கற்றாலும் போக வேண்டும், கற்காவிட்டாலும் போக வேண்டும் என்றால் நடுவில் இத்தனை பசை எதற்கு?

ஆகவே உண்மை நிலவரம் இதுதான். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாது. எண்ணவே தெரியாது. போன வாரம் ஐந்து கரண்டியை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, “ஜீரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்றாள். “மொத்தம் எத்தனை?” “நாலு.” “நல்லா பாரு.” “நல்லாத்தான் பாத்தேன். நாலு.” ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மறுபடி எண்ணச் சொன்னேன். “மூணு. ஒண்ண ஒளிச்சுட்ட, குடு” என்றாள். அதையும் தப்பாகத்தான் சொன்னாள். இப்படிப்பட்ட பிள்ளையை உங்கள் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தி, கப்பி செய்த குழந்தை இதுதான் என்று சொன்னால், எல்லோரும் உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். சுண்டு என் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். எனக்கு அது பெரிய தொந்தரவு, கழுத்தைத் திருப்ப முடியாது, விடியும்போது தலை பிய்த்தெடுத்த மாதிரி இருக்கும். உங்கள் வீட்டில் செருப்பைக்கூட அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பீர்கள், உங்களுக்குத் தலைமுடியும் குட்டை. அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? இன்று எழுந்து வருவதற்காக அம்மாவின் கருப்பு நூலை மூன்று பிரியாகப் பின்னி, அதன் நுனியில் என் ரிப்பனையும் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் நான் செய்ததுதான். அபாரமாக வந்திருக்கிறது, அதற்கு மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

அலமாரி விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. அப்பா சொல்லிக் கொடுத்தது, அவர் வேலையில் உண்மையாகவே அப்படித்தானாம். உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால், வெளியே இருப்பவர் உடனே கதவைப் பிடித்து இழுக்கக்கூடாது. “உள்ள யாரு? எத்தனை பேரு?” என்று முதலில் பேச வேண்டும், பயம் போன பிறகுதான் கதவு. சுண்டு எப்போதும், “நானும் அக்காவும்” என்றுதான் சொல்வாள். நான் வெளியே நின்று கேட்கும்போதும் அதையேதான் சொல்வாள். இதுவும் அவளுக்கு எண்ணத் தெரியாது என்பதற்கு ஒரு சான்று.

கடைசியாக, சனிக்கிழமை நீங்கள் வந்தால் அவள் துணியை வைக்கப் பெட்டி இருக்காது. பெட்டி இருக்கும், சக்கரங்கள் இருக்காது. அப்பாவின் திருப்புளியால் நாலையும் கழற்றிவிட்டேன். எங்கே ஒளித்திருக்கிறேன் என்று அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அடிக்க வேண்டாம்.

தாள் எட்டு முடிந்துவிட்டது. விடிந்ததும் பள்ளி வாசலில் உள்ள தபால் பெட்டியில் போட்டுவிடுவேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும். உங்கள் பள்ளியில் எல்லோருக்கும் என் வணக்கம், கண் கலங்கிய ஆசிரியைக்குத் தனியாக ஒரு வணக்கம், ஏனென்றால் அவர் கலங்கியது எனக்காக. உங்கள் முழங்கால் வலி குறையட்டும், ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு குறையட்டும்.

மன்னிப்புக் கேட்காத அன்புடன்,
உங்கள் தங்கை மகள், மூத்தவள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடிக்கும்போது வாசல் கதவுச் சத்தம் கேட்டது. தாள்களைக் கூடைமேல் அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவள் போல சமையலறையில் போய் நின்றேன். அப்பாதான். “தூங்கலையா?” என்றார். “தாகம்” என்றேன். “அந்த ஆளு நாலு மணி நேரம் உள்ளயே இருந்திருக்காரு பாவம். பேசிக்கிட்டே இருந்தோம், நல்லா பாட்டெல்லாம் பாடினாரு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நான் திரும்பி வந்தால், கூடைமேல் சுண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் நூல் பின்னல், இன்னொரு கையில் உங்கள் பெட்டியில் வந்த சிவப்பு வண்ணக்குச்சி. பின்னலை என்னிடம் நீட்டி, “இது நீ இல்ல” என்றாள்.

தாள்களின் மூலையைப் பாருங்கள். அந்தச் சிவப்பு எண்களை நான் போடவில்லை. இடது கையாலும் போடவில்லை. முதல் தாளில் பூஜ்யம், அடுத்ததில் ஒன்று, அப்படியே எட்டாவது தாளில் ஏழு. ஒன்றுகூட மாறவில்லை, ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. “ஏண்டி ஜீரோவுல ஆரம்பிச்ச?” என்று கேட்டேன். என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்து, “அங்கதானே நுழையுறோம்” என்றாள்.

ஐந்தாவது கரண்டி நாலாவது மாடியில்தான் இருந்தது, பெரியம்மா. அவள் ஒரு தடவையும் தப்பாக எண்ணவில்லை. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எட்டுத் தாளில் எழுதியதை அவளே நம்பர் போட்டுப் பொய்யாக்கிவிட்டாள். இதைக் கிழித்து வேறு எழுதத் தாளும் இல்லை, மனமும் இல்லை. ஒன்றும் தெரியாதவள், அதனால் அனுப்ப மாட்டேன் என்று எழுதினேன். எல்லாம் தெரிந்தவள்தான், அப்போதும் அனுப்ப மாட்டேன். உங்கள் எந்த வாரத்துத் தலைப்பிலும் இல்லாததை இந்த வீட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து கற்றிருக்கிறாள்.

இந்த ஒன்பதாவது தாளை நோட்டின் அட்டையிலிருந்து கிழித்தேன். இதற்குப் போட அவள் பலகையில் எண் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மூலையில் அவள் வரைந்திருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். மணி.

சனிக்கிழமை நாங்கள் அலமாரிக்குள்தான் இருப்போம். நீங்கள் கதவைத் தொடக்கூடாது. முதலில் கேளுங்கள்.